கட்டியை எடுத்த பிறகு ‘கரண்ட்’ எதற்கு?



மருத்துவ உதவி கேட்டு நமது டிரஸ்டுக்கு வரும் மனுக்களோடு இணைத்திருக்கும் காகிதங்களில் சமீப காலமாக ஒரு புதிய சொல் தென்படுகிறது. ‘டி.சி.ஐ.எஸ்.’ என்று சுருக்கமாக எழுதியிருப்பார்கள். விரித்தால் ‘டக்டல் கார்சினோமா இன் சிட்டு’. இதைக் கொண்டு வருபவர்களில் ஒருவர், “டாக்டர் கேன்சர் என்று சொல்லிவிட்டார்” என்று கலங்கி நிற்கிறார். இன்னொருவர், “இது கேன்சரே இல்லையாம், சும்மா கரண்ட் வைக்கச் சொல்கிறார்கள்” என்று குறைபடுகிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. டாக்டர் சொன்னதில் ஆளுக்குப் பாதியைக் காதில் வாங்கி வந்திருக்கிறார்கள். அந்த முழுமையற்ற விளக்கத்தை வைத்துக்கொண்டு குடும்பங்கள் பெரிய முடிவுகளை எடுப்பதால் இந்த இதழில் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். நாம் மருத்துவர் அல்ல. டாக்டரிடம் போய் உட்காரும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருப்பதற்காகவே இது.

நம் ஊர்ப் பக்கம் கதிர்வீச்சு சிகிச்சைக்கு ‘கரண்ட் வைப்பது’ என்றே பெயர். உடம்பில் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. எக்ஸ்ரே எடுக்கும் அதே வகைக் கதிரைப் பல மடங்கு வலுவாக்கி, அளந்து, ஒரே இடத்தில் செலுத்துகிறார்கள். பெயர் நிலைத்துவிட்டது, போகட்டும்.

முதலில் நோயைப் பார்ப்போம். மார்பில் பால் வருவதற்கென்று மெல்லிய நாளங்கள் இருக்கின்றன. அவற்றின் உட்புறத்தில் உள்ள செல்கள் கட்டுப்பாடு இழந்து பெருகி, ஆனால் நாளத்தின் சுவரைத் தாண்டாமல் உள்ளேயே அடைபட்டிருக்கும் நிலைதான் டி.சி.ஐ.எஸ். சுவரைத் தாண்டாததால் அது அக்குளுக்கோ, நுரையீரலுக்கோ, எலும்புக்கோ பரவியிருக்காது. அதனால் இதைப் பூஜ்ய நிலை என்று வகைப்படுத்துகிறார்கள். கீமோதெரபி தேவையில்லை, தலைமுடி கொட்டாது. ஆனால் அப்படியே விட்டுவைத்தால் சிலருக்கு அது சுவரை உடைத்துக்கொண்டு வெளியேறும். யாருக்கு வெளியேறும், யாருக்கு ஆயுள் முழுதும் அடங்கியே கிடக்கும் என்று உறுதியாகச் சொல்லும் பரிசோதனை இன்னும் வரவில்லை. ‘கேன்சர்தான்’, ‘கேன்சர் இல்லை’ என்ற இரண்டு பேச்சும் எழுவது இதனால்தான்.

இது பெரும்பாலும் கைக்குத் தட்டுப்படாது. மேமோகிராம் படத்தில் உப்புத்தூள் தெளித்ததுபோல் சுண்ணாம்புத் துகள்களாகத் தெரியும். முன்பெல்லாம் நம் பகுதியில் மேமோகிராம் எடுத்தவர்கள் மிகக் குறைவு. பெரிய கட்டியாகி, தோல் சுருங்கி, புண்ணான பிறகே டாக்டரிடம் போனார்கள். இப்போது நிலைமை மெதுவாக மாறி வருகிறது. 2023 நவம்பரில் தமிழக அரசு வீடு தேடி அழைத்துச் செய்யும் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தை முதலில் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது, அதில் இரண்டு நம்முடையவை: ராணிப்பேட்டை, திருப்பத்தூர். (ஈரோடும் கன்னியாகுமரியும் மற்ற இரண்டு.) 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு மார்பகப் பரிசோதனையும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் இதில் உண்டு. அழைப்புச் சீட்டு வந்தால் “நமக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறோம்” என்று மடித்து வைத்துவிடாதீர்கள். சந்தேகம் என்றால் மேமோகிராமுக்கு அனுப்புவார்கள். மேமோகிராம் கூடக்கூட டி.சி.ஐ.எஸ். என்று எழுதிய காகிதங்களும் கூடும்.

சிகிச்சைக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நோய் உள்ள பகுதியைச் சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையோடு சேர்த்து எடுத்துவிட்டு மார்பைக் காப்பாற்றுவது, அதன்பின் கதிர்வீச்சு. மற்றொன்று, மார்பு முழுவதையும் எடுத்துவிடுவது. முழுவதும் எடுத்தவர்களுக்கு டி.சி.ஐ.எஸ். மட்டும்தான் என்றால் பொதுவாகக் கதிர்வீச்சு வேண்டியதில்லை. நோய் மார்பின் பல இடங்களில் பரவலாக இருந்தாலோ, முன்பே அந்த நெஞ்சுப் பகுதியில் கதிர்வீச்சு பெற்றிருந்தாலோ, டாக்டர்களே முழுமையாக எடுக்கச் சொல்வார்கள். மற்றவர்களுக்கு முடிவெடுக்க இடம் இருக்கிறது.

குழப்பம் முதல் வழியில்தான். “கட்டியைத்தான் சுத்தமாக எடுத்தாச்சே, எல்லை வரை நோய் இல்லை என்று ரிப்போர்ட்டும் வந்தாச்சே, பிறகு கரண்ட் எதற்கு?” நியாயமான கேள்வி. உலகமெங்கும் டாக்டர்களும் இதையே கேட்டார்கள். அமெரிக்காவில் டாக்டர் பெர்னார்டு ஃபிஷர் தலைமையில் இயங்கிய குழு 1985இல் இதைச் சோதிக்கத் தொடங்கியது. நோய்ப் பகுதியை மட்டும் எடுத்த 818 பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்தார்கள். ஐரோப்பாவிலும், ஸ்வீடனிலும், பிரிட்டனிலும் இதேபோல் நடந்தது. நான்கு ஆய்வுகளிலும் இருந்த 3,729 பெண்களின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்து 2010இல் வெளியிட்டார்கள். பத்து ஆண்டுகளில் அதே மார்பில் நோய் திரும்பியது கதிர்வீச்சு பெறாத 100 பேரில் சுமார் 28 பேருக்கு. பெற்ற 100 பேரில் சுமார் 13 பேருக்கு. பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது. திரும்பி வந்தவற்றில் ஏறக்குறைய பாதி, இம்முறை சுவரை உடைத்துப் பரவக்கூடிய புற்றாகவே வந்தது. இதைத் தடுப்பதற்குத்தான் ‘கரண்ட்’.

அதே ஆய்வு சொன்ன இன்னொரு செய்தியை மறைக்கக் கூடாது. பத்து ஆண்டு முடிவில் மார்பகப் புற்றால் இறந்தவர்களை எண்ணிப் பார்த்தபோது, கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. நோய் திரும்பினாலும் கண்டுபிடித்துச் சிகிச்சை செய்ய முடிந்தது என்பது அதற்கு முக்கியக் காரணம். ஆகவே இது ‘இன்று வைக்காவிட்டால் நாளை மவுத்’ என்ற விஷயம் அல்ல. பயந்து ஓட வேண்டியதில்லை; இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டு முடிவு செய்யலாம். ஆனால் ‘திரும்பினாலும் கண்டுபிடித்து’ என்ற இடத்தில் நம் ஊர் நிலைமையை யோசித்துப் பார்க்க வேண்டும். அந்த ஆய்வுகளில் இருந்த பெண்கள் ஒழுங்காகப் பரிசோதனைக்கு வந்தவர்கள். நம் பக்கம் ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம் கழிந்தால் மேமோகிராம் சீட்டு பீரோவுக்குள் போய்விடுகிறது. மகளின் நிக்காஹ், ரமலான், கம்பெனியில் ஷிப்மென்ட் அவசரம் என்று தள்ளிப்போகிறது. வருடாவருடம் பரிசோதனைக்குப் போவது நிச்சயம் இல்லாத வீட்டில், கதிர்வீச்சைத் தவிர்ப்பது கூடுதல் ஆபத்து என்றே நாம் கருதுகிறோம்.

எல்லோருக்கும் ஒரே அளவு ஆபத்து இல்லை என்பதும் உண்மை. நோய்ப் பகுதி இரண்டரை சென்டிமீட்டருக்குள், வீரியம் குறைந்தது அல்லது நடுத்தரமானது, வெட்டிய எல்லையிலிருந்து குறைந்தது 3 மில்லிமீட்டர் தூரம் சுத்தம் என்றிருந்த 636 பெண்களை மட்டும் தனியாக எடுத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள். 15 ஆண்டுகளில் நோய் திரும்பியது கதிர்வீச்சு இல்லாத 100 பேரில் சுமார் 15 பேருக்கு. பெற்றவர்களில் 7 பேருக்கு. இவர்களிலும் கதிர்வீச்சு பாதியாகக் குறைக்கிறது. ஆனால் தொடக்கத்திலேயே ஆபத்து குறைவு. எழுபது வயதைத் தாண்டிய, வேறு நோய்களும் உள்ள ஒரு மூதாட்டிக்கு இந்த வகை என்றால், “வேண்டாம், கவனித்துக்கொண்டே இருப்போம்” என்று டாக்டர் சொல்வது அலட்சியம் அல்ல. நாற்பத்தைந்து வயது, வீரியம் மிகுந்த வகை என்றால் கதை வேறு. இளம் வயதில் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம்.

ஆகவே பயாப்ஸி ரிப்போர்ட்டை வாங்கியதும் நான்கு விஷயங்களை டாக்டரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீரியம் எந்தத் தரம், ஒன்றா, இரண்டா, மூன்றா? நோய்ப் பகுதி எத்தனை மில்லிமீட்டர்? வெட்டிய எல்லைக்கும் நோய்க்கும் எவ்வளவு தூரம்? (2 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது இப்போதைய வழிகாட்டுதல், குறைந்தால் மறுபடி வெட்டிச் சுத்தம் செய்யச் சொல்லலாம்.) ஹார்மோன் சோதனை பாசிட்டிவா? பாசிட்டிவ் என்றால் டமாக்சிஃபென் போன்ற மாத்திரையைப் பொதுவாக ஐந்து ஆண்டு சாப்பிடச் சொல்வார்கள். அது கதிர்வீச்சுக்குப் பதில் அல்ல, தனி விஷயம். வேறு மருத்துவமனையில் இரண்டாவது கருத்து கேட்க நினைத்தால் ரிப்போர்ட் மட்டும் போதாது. திசு வைத்திருக்கும் மெழுகுக் கட்டியையும் கண்ணாடி ஸ்லைடையும் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

இனி, கதிர்வீச்சில் என்னென்ன வகை உண்டு என்பது. இங்கேதான் நம் மக்களுக்கு நல்ல செய்தி இருக்கிறது.

முன்பு வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்து வாரம், மொத்தம் 25 தடவை கொடுப்பது வழக்கம். ஆம்பூரிலிருந்து வேலூருக்கு ஐம்பது கிலோமீட்டர். வாணியம்பாடியிலிருந்து இன்னும் அதிகம். ஐந்து வாரம் வீட்டை விட்டு, வேலையை விட்டுப் போய் வருவதை நினைத்தே “மார்பை மொத்தமாக எடுத்துவிடுங்கள், அலைய முடியாது” என்று கையெழுத்துப் போட்ட சகோதரிகள் உண்டு. இப்போது ஒவ்வொரு தடவையும் அளவைக் கொஞ்சம் கூட்டி, 15 அல்லது 16 தடவையில் முடிப்பது வழக்கமாகிவிட்டது. மூன்று வாரத்துக்குச் சற்று மேல். பலனில் குறைவில்லை.

இன்னும் சுருக்கி ஒரே வாரத்தில் ஐந்து தடவையாக முடிப்பதும் உண்டு. பிரிட்டனில் 4,096 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2020இல் வெளிவந்த பிறகு இது பரவியது. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் பரவும் வகைப் புற்று உள்ளவர்கள், டி.சி.ஐ.எஸ். அல்ல. எனவே ‘பக்கத்து வீட்டம்மாவுக்கு ஐந்து நாளில் முடிந்தது, எனக்கு ஏன் மூன்று வாரம்?’ என்று சண்டை பிடிக்க வேண்டாம். கேளுங்கள், உங்களுக்குப் பொருந்துமா என்று டாக்டர் சொல்லட்டும்.

நோய் இருந்த இடத்துக்கு மட்டும் கடைசியில் சில தடவை கூடுதலாகக் கொடுப்பதற்கு ‘பூஸ்ட்’ என்று பெயர் (பாலில் கலக்கிக் குடிக்கிற பூஸ்ட் அல்ல). 1,608 பெண்களிடம் பல நாடுகளில் செய்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. ஆபத்து குறைந்த வகையைச் சேராத டி.சி.ஐ.எஸ். உள்ளவர்கள் அவர்கள். ஐந்தாண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் பூஸ்ட் இல்லாமல் 100க்கு 93 பேர். பூஸ்ட் பெற்றவர்களில் 97 பேர். விலையாக மார்பு கொஞ்சம் கெட்டிப்படுவதும் வலியும் சிலருக்குக் கூடியது. சிறிய, வீரியம் குறைந்த நோய்க்கு மார்பு முழுவதற்கும் பதில் அந்தப் பகுதிக்கு மட்டும் கதிர் கொடுக்கும் முறையும் சில இடங்களில் உண்டு.

பழைய பயங்கள் சிலவற்றைச் சொல்லிவிட வேண்டும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 1950களில் கோபால்ட் இயந்திரம் நிறுவினார்கள், நாட்டிலேயே முதலாவது. அந்தக் காலத்துச் சிகிச்சையைப் பார்த்த பாட்டிமார்கள் சொன்ன ‘கருகிப்போகும்’ கதைகள் இன்னும் உலவுகின்றன. இன்றைய லினாக் இயந்திரத்தில் தோல் கறுப்பதும், அரிப்பதும், மடிப்பில் சிலருக்கு உரிவதும் உண்டு. சில வாரங்களில் ஆறும். அசதி இருக்கும். இடது மார்பு என்றால் இருதயம் பக்கத்தில் இருப்பதால், மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்கச் சொல்லிக் கதிர் கொடுக்கும் வசதி உண்டா என்று கேட்பது நல்லது. வெளியிலிருந்து கதிர் செலுத்தும் இந்த முறையில் உடம்பில் கதிர் தங்காது. வீட்டுக்கு வந்து பேரக் குழந்தையைத் தூக்கலாம். கர்ப்பிணி மருமகளோடு ஒரே அறையில் இருக்கலாம். தனித் தட்டு, தனிப் பாத்திரம் எதுவும் தேவையில்லை. நோயாளியே கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் முதலில் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

பெண்கள் வெளியில் சொல்லக் கூசும் விஷயம் பர்தா. படுக்கவைத்துக் கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்வார்கள். மார்பு திறந்திருக்கத்தான் வேண்டும். பெண் டெக்னீஷியன் வேண்டும் என்று முதல் நாளே கேட்கலாம், கூச்சப்பட வேண்டாம். கதிர் பாயும் சில நிமிடங்கள் அறையில் யாரும் இருக்க மாட்டார்கள்; வெளியிலிருந்து கேமராவில் கவனிப்பார்கள். அது பாதுகாப்புக்கு. முன்கூட்டியே தெரிந்திருந்தால் அங்கே போய்த் திடுக்கிட வேண்டியதில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு கை தலைக்கு மேல் உயராமல் போனால் சிகிச்சை தள்ளிப்போகும் என்பதால் சொல்லிக்கொடுக்கும் உடற்பயிற்சியை விடாமல் செய்யுங்கள்.

தினமும் அதே இடத்தில் கதிர் பட வேண்டும் என்பதற்காகத் தோலில் மையால் கோடு போடுவார்கள். சில இடங்களில் ஊசியால் கடுகளவு நிரந்தரப் புள்ளி வைப்பார்கள். ‘பச்சை குத்துவது ஹராம் ஆயிற்றே’ என்று ஒரு சகோதரி சிகிச்சையையே நிறுத்தப் பார்த்தார். அலங்காரத்துக்காகக் குத்துவது வேறு, மருத்துவத் தேவைக்கு வைக்கும் புள்ளி வேறு என்று ஆலிம்கள் விளக்குகிறார்கள். மனம் ஒப்பவில்லை என்றால் மைக்கோடு மட்டும் போதுமா என்று கேட்டுப் பாருங்கள். மைக்கோடு இருந்தாலும் ஒளுவும் குளிப்பும் செய்யலாம். தேய்த்து அழிக்காமல் தண்ணீரை ஊற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். நோன்பு நேரத்தில் கதிர்வீச்சு நடந்தால், கதிர் படுவதால் நோன்பு முறியாது. ஆனால் அசதி மிகுந்தால் நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையைப் பயன்படுத்திப் பிறகு களா செய்யலாம். இத்தா இருக்கும் பெண் சிகிச்சைக்காக வெளியே போவதற்கும் தடை இல்லை. சந்தேகம் இருந்தால் உங்கள் பள்ளி இமாமிடம் கேளுங்கள். கேட்காமல் சிகிச்சையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட நாம் வலியுறுத்த விரும்புவது நேரம். கதிர்வீச்சைப் பற்றிய பேச்சு ஆபரேஷனுக்கு முன்பே நடக்க வேண்டும். மார்பைக் காப்பாற்றும் ஆபரேஷனுக்குச் சம்மதிக்கும்போதே, பின்னால் மூன்று வாரக் கதிர்வீச்சுக்கும் சேர்த்துத்தான் பெரும்பாலும் சம்மதிக்கிறோம். ஆபரேஷனுக்கு மட்டும் பணம் புரட்டி, பிறகு கை காலியாகி, சிகிச்சையைப் பாதியில் விட்ட குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம். ஆபரேஷனுக்குப் பிறகு சுமார் இரண்டு, மூன்று மாதத்துக்குள் கதிர்வீச்சைத் தொடங்கிவிட வேண்டும் என்பார்கள். அந்த அவகாசத்தில் கடனுக்கு அலைவதைவிட முன்பே திட்டமிடுவது நல்லது.

அதற்கான வழிகள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். எந்த மருத்துவமனையில், எந்தச் சிகிச்சைக்கு அட்டை செல்லும் என்பதை ஆபரேஷன் தேதி குறிப்பதற்கு முன் அங்குள்ள காப்பீட்டுக் கவுண்டரில் கேளுங்கள். ஆபரேஷனுக்குச் செல்லும் இடத்தில் கதிர்வீச்சுக்கும் செல்லும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அரசு மருத்துவமனை என்றால் நமக்கு அருகில் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது.

ஷூ கம்பெனியிலும் டேனரியிலும் வேலை செய்து மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. தொழிலாளி ஆணாக இருந்தால் அவர் மனைவிக்கும், அவரை நம்பியிருக்கும் தாய்க்கும் அதில் சிகிச்சை உண்டு. வேலைக்குப் போகும் பெண்ணுக்கே நோய் என்றால் சாதாரண நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம் 91 நாள் வரை கிடைக்கும். புற்றுநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு, இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்து சந்தாவும் சரியாகக் கட்டியிருந்தால் 80 சதவீதம் என்ற நீட்டித்த உதவி இருக்கிறது. அப்பர் தைக்கும் லைனில் உட்கார்ந்திருக்கும் எத்தனையோ பெண்களுக்கு இது தெரியாது. மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பது மட்டும் தெரியும். டிஸ்பென்சரி டாக்டரிடம் முதலில் போய்ப் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாமாகவே தனியாரிடம் போய்விட்டுப் பிறகு பில்லைக் கொண்டுவந்தால் பணம் வாங்குவது கஷ்டம்.

போக்குவரத்துக்கு ரயிலில் புற்றுநோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு; மருத்துவமனையில் அதற்கென உள்ள படிவத்தில் சான்று வாங்க வேண்டும். காட்பாடி வரை ரயிலில் போய் அங்கிருந்து பஸ் பிடிப்பவர்களுக்கு இது உதவும்.

இவையெல்லாம் போக மீதி விழும் தொகைக்கு நமது டிரஸ்டில் மனு செய்யலாம். ஆபரேஷனுக்கு முன்பே வாருங்கள். பயாப்ஸி ரிப்போர்ட், டாக்டர் எழுதித் தரும் செலவு மதிப்பீடு (ஆபரேஷனுக்கும் கதிர்வீச்சுக்கும் தனித்தனியாக), ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை அல்லது இ.எஸ்.ஐ. எண், உங்கள் மஹல்லா ஜமாஅத் கடிதம் ஆகியவற்றின் நகல் போதும். மனு கொடுக்கப் பெண்ணே நேரில் வர வேண்டும் என்பதில்லை. ஆனால் சிகிச்சையைப் பற்றிய முடிவில் அவருடைய விருப்பம் என்ன என்பதை அவரிடமே கேட்டுவிட்டு வாருங்கள்.